கடைசிச் சஹன்

எங்கள் ஊர்க் கல்யாணங்களில், பெண்கள் பந்திக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அந்த ராத்தா எந்தப் பாயில் இருக்கிறார் என்று பார்ப்போம். மணப்பெண்ணைப் பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். ராத்தா வலப் பக்கம் இருந்தால் நாங்கள் இடப் பக்கம். அவர் கதவருகே இருந்தால் எங்களுக்கு ஜன்னலோரம்தான் காற்று வரும். விஷயம் தெரியாத வெளியூர்க்காரிகள் நாலைந்து பேர் போய் அவரைச் சுற்றி உட்காருவார்கள். "பாவங்கள், மாட்டிக்கிட்டாங்க" என்று நாங்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வோம்.

சஹன் என்பது ஒரு பெரிய வட்டத் தட்டு. நடுவில் நெய்ச்சோறு, மேலே மாட்டிறைச்சியும் கோழியும், ஓரத்தில் கத்தரிக்காயும் அச்சாறும். ஆறு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் தின்ன வேண்டும். இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆறு பேரும் முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. அந்தக் காலத்து ஆட்கள், தாங்கள் முடித்துவிட்டாலும் மற்றவர் வெட்கப்படக் கூடாது என்பதற்காக இரண்டு பருக்கையைப் பொறுக்கிக்கொண்டே இருப்பார்களாம். எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. எச்சில் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, தின்கிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். நெய் காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ராத்தாவின் சஹனில் இருந்தவர்களுக்கு முழங்கை வரை காய்ந்திருக்கும். இரண்டாம் பந்திக்காரர்கள் வந்து சுவரோரம் நின்றுவிடுவார்கள். பள்ளிவாசலிலிருந்து எடுத்து வந்த சஹன்கள் கொஞ்சம்தான்; ஒன்று எழும்பினால்தான் கழுவி இன்னொன்று வைக்கலாம். ராத்தாவோ ஒரு கோழி எலும்பை எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு விரல்நுனி அளவு சோறு. மெல்லுவார். நிறுத்துவார். மறுபடி மெல்லுவார். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டு வான் வண்டி வாசலில் நின்று ஹோர்ன் அடித்து அடித்து அலுத்துப்போய், டிரைவர் உள்ளே ஆளனுப்பினார். "இந்தா வந்திட்டன் எண்டு சொல்லுங்க" என்றார் ராத்தா. சொல்லிவிட்டு, இனிப்புக்கு வைத்த வட்டலப்பக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார்.

"கடைசிச் சஹன்" என்று அவருக்குப் பட்டம் வந்தது அப்படித்தான். "கடைசிச் சஹன் வந்திட்டா, தள்ளி இரு" என்று பிள்ளைகள்கூடச் சொல்லும். அந்தப் பட்டத்தை வைத்தது நான். ஒரு பெண்பார்க்கும் வீட்டில் நாலு பேரைச் சிரிக்க வைக்கச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதனால்தான் இங்கே அவருடைய சொந்தப் பெயரை எழுதாமல், அக்கா என்ற அர்த்தத்தில் ராத்தா என்று மட்டும் எழுதுகிறேன். ஒரு மனுசிக்கு நான் ஒரு பெயர் வைத்தது போதும்.

அப்போது எனக்கு வாய் பெரிது, வயிறு அதைவிடப் பெரிது. நான் இருந்த சஹன்தான் மண்டபத்தில் முதலில் எழும்பும். என் பங்கை முடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவள் ஒதுக்கி வைத்ததையும் "ரிஸ்க் வீணாகப் போகக் கூடாது" என்று சொல்லி முடிப்பேன். அல்லாஹ் தந்த உணவின் மேல் அவ்வளவு அக்கறை. பெண்களுக்கு உடுப்புத் தைப்பது என் தொழில். ஊரிலுள்ள எல்லாப் பெண்களின் இடுப்பளவும் எனக்கு மனப்பாடம். என்னுடையதை மட்டும் அளந்து பார்க்க மாட்டேன். தையல் மிஷினுக்கும் கதிரைக்கும் நடுவில் என் வயிற்றுக்கு இடம் போதாமல், கதிரையை ஒவ்வொரு வருடமும் ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

ராத்தா எங்கள் அடுத்த வீடு. நடுவில் ஒரு கிடுகு வேலி. அவரை மந்தமான ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. எத்தாளைப் பக்கத் தோட்டங்களில் வெங்காயம் பிடுங்கும் காலத்தில் அவரை முந்தியவர் கிடையாது. பிடுங்கி, மண்ணைத் தட்டி, பிடியாகக் கட்டிப் போட்டுவிட்டு, மற்றவர்கள் முந்தானையைச் செருகுவதற்குள் அடுத்த பாத்தியில் நிற்பார். பஸ்ஸுக்கு அவரோடு நடந்தால் எனக்கு மூச்சு வாங்கும். கதையும் அப்படித்தான், கடகடவென்று கொட்டும். சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

இதற்கு ஊர் பல காரணம் வைத்திருந்தது. பல்லில் கோளாறு என்றாள் ஒருத்தி. வீட்டில் பட்டினி கிடந்து கல்யாணத்தில் ஈடுகட்டுகிறார் என்றாள் என் மச்சி. மச்சி என் கணவரின் தங்கை; அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. யாரும் ராத்தாவிடமே கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு எனக்குச் சீனி வருத்தம் வந்தது. முழங்கால் நோ வந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. கொழும்பில் ஒரு டாக்டர், இரைப்பையைச் சின்னதாக்கும் ஒப்பரேஷன் ஒன்று இருக்கிறது, செய்தால் நல்லது என்றார். என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறவர், பேச்சுக் குறைவு. அன்று வீடு திரும்பும் வழியில் சிலாபம் தாண்டியதும், "எனக்கு நீ உசிரோட இரிக்கோணும். அவ்வளவுதான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. செய்துகொள்வது என்று முடிவானது.

ஆனால் ஊருக்கு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "தின்னாம இரிக்கத் தெரியாம வயித்த வெட்டிக்கிட்டா" என்று மச்சி சொல்வது, அவள் சொல்வதற்கு முன்பே என் காதில் கேட்டது. பட்டப்பெயர் வைக்கிறவளுக்குத்தான் பட்டப்பெயரின் பயம் தெரியும். ஆகவே பித்தப்பையில் கல் என்று சொன்னோம். என் கணவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். யாராவது கேட்டால் "கல்லுதான், கல்லுதான்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு ஓட்டோவைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

முதலில் தண்ணீர்போல சூப்பு. பிறகு கஞ்சி. நோன்பு முடிந்து மூன்று மாதமாகியும் எங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சி கொதித்தது. பிறகு மசித்த மீன், அவித்த முட்டை. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித் தருகிற மிஸ் ஒரு தாள் எழுதித் தந்திருந்தார். அதை அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தேன். ஒரு வாயை முப்பது தரம் மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. தாளின் அடியில், கோடு போட்டு நாலு பெயர்: பாண், சோறு, முருங்கைக்காய், மாட்டிறைச்சி. இவை கரைச்சல் பிடித்தவை, அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும், ஒன்று ஒத்துவந்த பிறகுதான் அடுத்தது என்று மிஸ் சொன்னார். அடிபட்டுப் பிரிந்த சொந்தக்காரர்களை மறுபடி வீட்டுக்கு அழைப்பதுபோல இருந்தது எனக்கு.

அவசரப்படாமல் என்ற சொல் எனக்கு விளங்குகிற சொல்லா? பாண் சாப்பிடலாம் என்று சொன்ன அன்றே, குசினியில் நின்றுகொண்டு, பஞ்சுபோலிருந்த பாணின் நடுத்துண்டைப் பருப்பில் தோய்த்து வாயில் போட்டேன். ஐந்தாறு தரம் மென்றிருப்பேன். விழுங்கினேன். நெஞ்சுக்கு நடுவில் ஒரு கைமுஷ்டி வந்து நின்றது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. வாயெல்லாம் எச்சில் நுரைத்துக் கொட்டியது. பின் வளவுக்கு ஓடி, வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன்.

நிமிர்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா. கையில் வெங்காயத் தாள். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"முடிஞ்சிதா?" என்றார்.

"ஓம்" என்றேன். "கல்லு எடுத்தவங்களுக்கு இப்பிடித்தான் வருமாம்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"கல்லோ மண்ணோ. நான் கேக்கல்ல தங்கச்சி. முகத்தைக் கழுவிட்டு ஆறுதலா இரிங்க."

அடுத்த நாள் பகல், தோட்டத்திலிருந்து வந்தவர் தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு நேராக என் குசினிக்கு வந்தார். பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்குத் தனியத் தின்னச் சலிச்சிப் போச்சி. மகனும் வேலைக்குப் போயிடுறான். நீங்களும் தனியத்தானே தின்னுறீங்க?" என்றார். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தார்.

நான் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் ஒரு சின்னப் பீரிசில் இரண்டு கரண்டி மசித்த மீன் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். மனதுக்குள் முப்பது வரை எண்ணினேன். எண்ணி முடித்து நிமிர்ந்தால் ராத்தா இன்னும் முதல் வாயில் இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. விழுங்கிய பிறகுதான் சொன்னார்: "மெல்லுற நேரம் கதை இல்ல. கதை எல்லாம் விழுங்கினதுக்குப் பொறவு."

அது அவருடைய சட்டம். அதனால் எங்கள் குசினிக் கதைகள் ஒரு வாய்க்கு ஒரு வரியாக நடந்தன. மேலத் தெருவில் ஒரு தலாக் விவகாரம். அதைக் கேட்டு முடிக்க எனக்கு மூன்று பகல் பிடித்தது. முக்கியமான இடத்தில் ஒரு பிடி சோற்றை வாயில் வைத்துவிடுவார். நான் என் மீனை மென்றுகொண்டு, "பொறவு என்ன நடந்தது" என்ற கேள்வியையும் சேர்த்து மெல்லுவேன்.

அந்த முதல் நாள் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் முடித்தோம். அவருக்கு ஒரு கோப்பைச் சோறு, எனக்கு இரண்டு கரண்டி மீன், ஆனால் முடித்தது ஒரே நேரம். ராத்தா என் பீரிசைப் பார்த்தார், தன் கோப்பையைப் பார்த்தார். "எனக்கு வயசு அம்பத்தஞ்சி" என்றார். "எனக்கு முன்னால கை கழுவாம ஒருத்தர் இரிந்தது இண்டைக்குத்தான்." சொல்லிவிட்டு எழும்பிப் போய்ச் சட்டியில் தண்ணீர் அள்ளி என் கையில் ஊற்றினார்.  

பாணுக்கு வழி கண்டுபிடித்தவரும் அவரே. பஞ்சுப் பாண்தான் உள்ளே போய்க் களிபோல ஒட்டுகிறது என்றார். தணலில் வைத்து இரண்டு பக்கமும் கருக முறுக வாட்டினார். மொறுமொறுவென்று ஒரு விரலளவு துண்டு. முப்பதுக்கு முப்பத்தைந்தாக மென்றேன். போய்விட்டது. அலுமாரியைத் திறந்து தாளில் பாணுக்கு நேரே சரி போட்டேன். சோறு இரண்டு கிழமை எடுத்தது. முதலில் ஒரு தேக்கரண்டி, குழைய அவித்து. இரண்டு முறை நெஞ்சில் நின்றது, மூன்றாம் முறை இறங்கியது. முருங்கைக்காய் எங்களுக்குப் பெரிய விளையாட்டாகவே போய்விட்டது: சதையை மட்டும் பல்லால் வழித்து உறிஞ்ச வேண்டும், நாரை அப்படியே கோப்பை ஓரத்தில் வைக்க வேண்டும். யாருடைய நார் வெளுப்பு என்று பார்ப்போம். ஒருநாளும் நான் வெல்லவில்லை.

எல்லாம் வெற்றி என்று சொல்ல முடியாது. தாளில் இனிப்பைப் பற்றி மிஸ் தனியாக எழுதியிருந்ததை நான் வாசித்தும் வாசிக்காததுபோல இருந்தேன். மவ்லூது ஓதிய ஒரு வீட்டிலிருந்து வட்டலப்பம் வந்தது. இரண்டு கரண்டி. கால்மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் வேர்த்து, தையல் அறைச் சீமெந்துத் தரையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தேன். ராத்தா தலைமாட்டில் உட்கார்ந்து பிளவுஸ் வெட்டிய மிச்சத் துணியால் விசிறினார். "அது உங்களுக்குச் சரிவராத மாப்பிள்ளை. விட்டிருங்க" என்றார். "எல்லாரோடயும் சமாதானமாகோணும் எண்டு கடமையா என்ன?" படபடப்புக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வட்டலப்பத்தை அன்றோடு விட்டேன்.

ஒரு பகல் கேட்டேவிட்டேன், ஏன் இவ்வளவு மெதுவாகத் தின்கிறீர்கள் என்று. வாயில் இருந்ததை முடிக்கும்வரை காத்திருந்தேன். யுத்தத்தின் நடுவில், தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இந்தக் கரைக்கு வந்து இறங்கியவர்களில் அவரும் ஒருவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

"வந்து இறங்கின அண்டைக்கு இங்கத்த ஆக்கள் சோறு ஆக்கிக் கொண்டந்து தந்தாங்க" என்றார். "ரெண்டு நாள் பசி. ஆரும் பறிச்சிருவாங்களோ எண்ட பயத்தில அள்ளி அள்ளி விழுங்கினன். அந்தச் சோறு வெள்ளையா சிவப்பா, கறி மீனா பருப்பா, இண்டைக்கு வரை எனக்குத் தெரியாது. தந்த கையின்ட முகம்கூட நினைவு இல்ல. எவ்வளவு அன்பா ஆக்கினாங்களோ. அதுக்குப் பொறவு அப்பிடித் தின்னக் கூடாது எண்டு வச்சிக்கிட்டன்."

அந்தச் சோறு எங்கள் ஊர் ஆக்கிய சோறு. அதே ஊரில்தான் நான் அவருக்குப் பட்டம் வைத்தேன். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ராத்தா, அந்தப் பேர்... ஊரில சொல்லுறாங்களே, அது..." என்று தொடங்கினேன்.

அவர் ஒரு பிடி சோற்றை வாயில் வைத்துக்கொண்டு, விரலை உயர்த்திக் காட்டினார். மெல்லுகிற நேரம் கதை இல்லை. அந்தப் பிடியை அவர் மென்றதுபோல எந்தப் பிடியையும் மென்றதில்லை. விழுங்கி முடித்ததும் வெங்காய விலை பற்றிப் பேசினார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்த ஒவ்வொரு முறையும் இதுதான் நடந்தது. அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு விளங்கவில்லை.

அவர் இப்போது எங்கள் அடுத்த வீட்டில் இல்லை. மகன் மன்னாரில் பழைய காணியில் வீடு கட்டி, உம்மாவை அழைத்துப் போய்விட்டான். வேலி இருக்கிறது, அந்த வீட்டில் புதுமணத் தம்பதி ஒன்று இருக்கிறது, நின்றபடியே சாப்பிடுகிறார்கள். ராத்தா சில பகல்களில் எனக்குப் போன் எடுத்து, முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மெல்லுவார். நானும் என் பீரிசை எடுத்துக்கொண்டு உட்காருவேன். என் கணவர் "காசு போகுது, ஏதாவது கதைங்களேன்" என்பார். அவருக்கு விளங்காது.

இனி மாட்டிறைச்சி. இது ராத்தா மன்னாருக்குப் போவதற்கு முன்னால் நடந்தது. தாளில் சரி விழாமல் கடைசிவரை நின்றது அதுதான். வீட்டில் அரைத்த இறைச்சி இறங்கியது. துண்டாகத் தின்று பார்க்க எனக்குப் பயம். அந்த நேரம் பார்த்து மச்சியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கனமூலை ஊர். நான் வரவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"இரிக்கிறதே ஒரே ஒரு மாமி நீ. நீ வந்து சஹன்ல இரிக்காட்டி என்ட புள்ளைக்குக் குறை இல்லயா?" என்றாள் மச்சி. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "மெலிஞ்சி மெலிஞ்சி தும்புக்கட்டையாப் போய்ட்ட. கல்லு எடுத்தா இப்பிடியா? ஆளுக்கொரு கதை சொல்லுது சனம்" என்றாள். அவள் கண்ணில் ஒரு கேள்வி தொக்கி நின்றது. போகாவிட்டால் அந்தக் கேள்வி ஊர் முழுக்கப் போய்வரும். போனாலோ, ஆறு பேர் நடுவில், என் முன்னால் மலைபோலச் சோறு அப்படியே கிடக்கும். எதிரே ஐந்து சோடிக் கண்கள்.

ராத்தாவிடம் சொன்னேன். "என்ட பக்கத்தில வந்து இரிங்க" என்றார். "அங்க எப்பவும் இடம் இரிக்கும்."

அவர் பக்கத்தில் இடம் இருந்தது. எதிரே கனமூலையிலிருந்து வந்த, ஒன்றும் அறியாத நாலு பெண்கள். அந்த நாலு பேரில் ஒருவர் வயதானவர். என் பழைய கூட்டாளிகள் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பாவம் என்று என்னைக் கண்ணால் பார்த்தார்கள். சஹன் வந்தது. மூடியைத் திறந்ததும் நெய்யும் ஏலமும் மணத்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு! பிஸ்மி சொல்லி, நெல்லிக்காய் அளவு எடுத்து வாயில் வைத்தேன். எண்ணினேன். இறங்கியது. அடுத்தது. அதுவும் இறங்கியது. ஒரு சஹனில், மனிதர்களோடு உட்கார்ந்து தின்கிறேன் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது.

அப்போது மச்சி வந்தாள். மணப்பெண்ணின் உம்மா என்பதால் சஹனுக்குச் சஹன் குனிந்து, நல்ல துண்டாகப் பார்த்து எல்லாருக்கும் தள்ளிக்கொண்டு வந்தாள். என் முன்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு மாட்டிறைச்சித் துண்டு விழுந்தது. "தின்னு. நான் பாக்க ஒரு வாய் தின்னு" என்றாள். நின்றாள். ஒரு நார் பிய்த்து வாயில் வைத்தேன். அவள் போகவில்லை. எண்ணிக்கை இருபதில் தவறியது. விழுங்கிவிட்டேன்.

அதே கைமுஷ்டி. மச்சி அடுத்த சஹனுக்குப் போய்விட்டாள். நான் குனிந்துகொண்டேன். நெற்றியில் வேர்வை. வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது. இங்கே ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேலி இல்லை. எழும்பினால் எல்லாரும் பார்ப்பார்கள். எழும்பாவிட்டால் பாயிலேயே நடந்துவிடும். அல்லாஹ்வே, அல்லாஹ்வே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கனமூலைப் பெண்கள் முடித்துவிட்டுக் கையைத் தூக்கி வைத்திருப்பது மட்டும் ஓரக் கண்ணில் தெரிந்தது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. இவ்வளவு காலமும் நான் பார்த்த பார்வை அது.

கை கழுவும் பாத்திரத்தோடும் கேத்தலோடும் மச்சி திரும்பி வந்தாள். "எல்லாச் சஹனும் எழும்பிட்டு. ரெண்டாம் பந்தி நிக்கிது. இங்க ஆருக்கு இன்னும் முடியல?" என்றாள். அவள் கண் நேரே என் பக்கம் வந்தது.

"எனக்குத்தான், மகள்" என்றார் ராத்தா, சத்தமாக. "எனக்குத்தான் இன்னும் முடியல. கடைசிச் சஹன் எண்டு சும்மாவா பேர் வச்சிருக்கு?"

மண்டபமே சிரித்தது. ஜன்னலோரக் கூட்டாளிகள் கையைத் தட்டிச் சிரித்தார்கள். அத்தனை கண்களும் அவர்மேல் போயின. அந்த ஒரு சிரிப்பின் மறைவில் நான் மூச்சு இழுத்தேன். நெஞ்சுக்குள் இருந்தது மெல்ல அசைந்து, இறங்கத் தொடங்கியது.

நிமிர்ந்து அவருடைய பங்கைப் பார்த்தேன். சஹனின் வெறும் தகடு பளபளத்தது. ஒரு பருக்கை இல்லை. அவர் வெறும் விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், ஒன்றுமில்லாததை மென்றுகொண்டிருந்தார். பிறகு என் முன்னால் பார்த்தேன். நான் தின்றது ஏழெட்டு வாய். ஆனால் அங்கே இருந்த சோற்று மலையில் பாதிக்கு மேல் காணவில்லை. மச்சி வைத்த இறைச்சித் துண்டும் இல்லை. நான் குனிந்திருந்த நேரத்தில் தன் பங்கையும் தின்று, என் பங்கையும் தின்றிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு பிடியையும் அவசரமாக விழுங்காத மனுசி, எனக்காக அன்று அள்ளி அள்ளி விழுங்கியிருக்கிறார்.

ஒரு சின்னப் பிடி எடுத்து வாயில் வைத்தேன், தைரியத்துக்கு. அதை மென்று முடிக்கும்வரை பொறுக்க முடியவில்லை.

"அவங்க முடிச்சிக் கனநேரம் மச்சி" என்றேன். "முடியாதது எனக்குத்தான். எனக்குச் செஞ்சது கல்லு ஒப்பரேஷன் இல்ல. வயித்தைச் சின்னதாக்கினது. இனிமே நான் இப்பிடித்தான் தின்னுவன். அந்தப் பேரையும் வச்சது நான்தான். இண்டையிலயிருந்து அது எனக்கு."

மச்சியின் கையில் கேத்தல் சரிந்து, பாயில் தண்ணீர் ஊற்றியது. அவள் வாய் திறந்தபடி நின்றாள். அந்த வாயிலிருந்து ஒன்றும் வராததை நான் கண்டது அன்று ஒருநாள்தான்.  அப்போது கனமூலையிலிருந்து வந்த அந்த வயதானவர், தூக்கி வைத்திருந்த காய்ந்த கையை மறுபடி சஹனுக்குள் இறக்கினார். தன் முன்னால் கிடந்த இரண்டு பருக்கையைத் தேடிப் பொறுக்கினார். "ஆறுதலாத் தின்னுங்க மகள். நாங்களும் இன்னும் முடிக்கல்ல" என்றார். அவரைப் பார்த்து மற்ற மூவரும் கையை இறக்கினார்கள்.

ராத்தா மட்டும் என்னை முறைத்துப் பார்த்தார்.

"வாய்க்குள்ள சோத்த வச்சிக்கிட்டு என்ன கதை?" என்றார்.